மாப்பிள்ளைக்கு சொரியாசிஸ் இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கும் வருமா?

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளைக்கு 19 வயதிலிருந்து சொரியாசிஸ், அதாவது தோலில் செதில் உதிரும் சிவந்த திட்டுகள் வரும் நோய். அதை மறைக்காமல் அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கும் முழங்கையிலும் தலையிலும் உண்டு. அவருடைய பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். உங்கள் வீட்டில் யாருக்கும் இது கிடையாது, இரண்டு குடும்பத்துக்கும் ரத்த உறவும் இல்லை. பிறக்கும் குழந்தைக்கு வருமா, சொந்தத்தில் கட்டியதால்தான் அவருக்கு வந்ததா, கல்யாணத்துக்கு முன்னால் ஜீன் டெஸ்ட் எடுத்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எழுதாத நான்காவது கேள்வி ஒன்றும் எனக்குத் தெரிகிறது: இதற்காக இந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதற்கு நான் பதில் சொல்வது முறையல்ல. முதல் மூன்றுக்கும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நான் பல வருடங்களாகத் தோல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன். மரபணு ஆய்வகம் என் வேலை அல்ல. அந்தத் துறையினர் வெளியிடுவதைப் படித்து, என் நோயாளிகளின் குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவன், அவ்வளவுதான்.

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் காத்திருப்பீர்கள். ஜெர்மனியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வரலாற்றை அலசி 1982-இல் வெளியிட்ட ஒரு கணக்கைத்தான் உலகம் முழுவதும் மருத்துவர்கள் இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறார்கள். அதன்படி பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கு சொரியாசிஸ் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 14. இருவருக்கும் இருந்தால் 41. உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது 14 என்ற எண். அதாவது நூறு பிள்ளைகளில் 86 பேருக்கு ஆயுள் முழுக்க வராது. வரும் 14 பேரிலும் பலருக்கு முழங்கை, முழங்கால், தலை என்று சில இடங்களோடு நின்றுவிடும்.

இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். அது ஜெர்மனியில் எடுத்தது. வடக்கு ஐரோப்பாவில் இந்த நோய் நம் ஊரை விட அதிகம். அங்கே மக்கள்தொகையில் 2 முதல் 4 சதவீதம் பேருக்கு இருக்கலாம். இந்தியாவில் வந்திருக்கும் கணக்குகள் 0.44 முதல் 2.8 சதவீதம் வரை என்கின்றன, அவையும் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துப் போட்டவை. அடிப்படை வாய்ப்பே நம்மிடம் குறைவு என்பதால், தமிழ்க் குடும்பத்தில் 14 என்பது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இது என் கணிப்புதான். மறுபக்கம், உங்கள் மாப்பிள்ளைக்கு 19 வயதிலேயே தொடங்கியிருக்கிறது, அவர் அம்மாவுக்கும் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹென்செலர், கிறிஸ்டோஃபர்ஸ் இருவரும் 1985-இல் சொரியாசிஸை 40 வயதுக்கு முன் தொடங்குவது, பின் தொடங்குவது என்று இரண்டாகப் பிரித்தார்கள். இளம் வயதில் தொடங்கும் வகையில்தான் குடும்ப வரலாறு அதிகம், பரம்பரையின் பங்கும் அதிகம். ஆக ஒரு காரணம் எண்ணைக் கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. பத்தில் ஒன்று என்ற அளவில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடத் துல்லியமாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

பரம்பரையில் வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் லோம்ஹோல்ட் என்ற மருத்துவர் சுமார் 11,000 பேரை நேரிலேயே பரிசோதித்து, 1963-இல் எழுதினார். நோய் குடும்பம் குடும்பமாகத் திரண்டிருந்ததை அவர் கண்டார். ஆனால் குடும்பத்தில் திரள்வதற்கு மரபணுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே சமையல், ஒரே வீடு என்பதும் காரணமாகலாம். அதைப் பிரித்துக் காட்டுவது இரட்டையர் ஆய்வு. 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், உருவத்தில் ஒன்றான இரட்டையரில் ஒருவருக்கு சொரியாசிஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 33 சதவீதம். வேறுபட்ட இரட்டையரில் அது 17 சதவீதம். அமெரிக்காவில் 1970-களில் எடுத்த பழைய ஆய்வில் ஒன்றான இரட்டையர் எண் 70 சதவீதத்தை ஒட்டி வந்தது. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்றான இரட்டையரிடம் பொருத்தம் தெளிவாகக் கூடுதல், எனவே மரபணு உண்டு. அதே சமயம் மரபணு அப்படியே ஒன்றாக இருந்தும் டென்மார்க்கில் மூன்றில் இரண்டு ஜோடியில் ஒருவருக்கு மட்டும் வந்து மற்றவருக்கு வரவில்லை. அப்படியென்றால் மரபணு மட்டும் போதாது.

அந்த டென்மார்க் ஆய்வே நோயின் மரபுவழிப் பங்கு 68 சதவீதம் என்று சொல்கிறது. இந்த எண்ணை இணையத்தில் படித்துவிட்டு, ‘அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு 68 சதவீதம் வரும்’ என்று பயந்து என்னிடம் வருபவர்கள் உண்டு. அது அப்படி இல்லை. ஒரு சமூகத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வரவில்லை. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை மரபணு வித்தியாசம் விளக்குகிறது என்பதுதான் அந்த 68. அது சமூகத்தைப் பற்றிய எண். உங்கள் குழந்தையைப் பற்றியது மேலே சொன்ன 14.

சரி, பரம்பரையில் எதுதான் வருகிறது? நோய் வருவதில்லை. நோய் பிடிக்கத் தோதான உடல்வாகு வருகிறது. இதில் மிகப் பெரிய பங்கு ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்எல்ஏ-சி என்ற மரபணுவுக்கு. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, கடை வாசலில் சரக்கைப் பரப்பி வைப்பது போல, எச்எல்ஏ மூலக்கூறுகளின் மேல் வைத்து வெளியே காட்டும். நோய் எதிர்ப்புக்காக ரோந்து வரும் டி செல்கள் அதைப் பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று சோதித்துவிட்டுப் போகும். எந்த வகை எச்எல்ஏ நமக்கு வாய்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து, எந்தத் துண்டு காட்டப்படும் என்பது மாறும். சொரியாசிஸோடு சேர்த்துப் பேசப்படும் வகைக்கு எச்எல்ஏ-சி 06:02 என்று பெயர், பழைய பெயர் சிடபிள்யூ6. இந்த வகை இருப்பவர்களிடம் தோலின் நிறமி செல்களில் இருக்கும் ஒரு புரதத்தின் துண்டு காட்டப்படுவதையும், டி செல்கள் அதை எதிரியாக நினைத்துத் தாக்குவதையும் 2015-இல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதுதான் எல்லா நோயாளிகளிடமும் நடக்கிறதா என்பது முடிவாகவில்லை. வேறு புரதங்களும் சந்தேகப் பட்டியலில் உண்டு. ஆனால் 06:02-க்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது நாடு நாடாகத் திரும்பத் திரும்ப நிரூபணமான விஷயம். புதுச்சேரி ஜிப்மரில் தமிழ் நோயாளிகளிடம் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே எச்எல்ஏ-சி 06 வகை ஆபத்தைக் கூட்டுவதாகத்தான் வந்தது. எனவே இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் டெஸ்ட் கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது. ஐரோப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம், அவைதான் உறுதியானவை. ஆயிரம் பேரில் சுமார் 20 பேருக்கு சொரியாசிஸ். அந்த 20-இல் சுமார் 12 பேரிடம் 06:02 இருக்கும். ஆனால் அந்த ஆயிரம் பேரில் 06:02 வைத்திருப்பவர்கள் மொத்தம் 120 பேர் வரை. அப்படியென்றால் 108 பேர் இந்த மரபணு வகையை வைத்துக்கொண்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கிறார்கள். மீதி 8 நோயாளிகளிடம் அந்த வகையே இல்லை. ஆக டெஸ்டில் ‘இருக்கிறது’ என்று வந்தால், பத்தில் ஒருவருக்குத்தான் நோய் வரும். ‘இல்லை’ என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது; இரண்டு பிரதியும் 06:02-ஆக இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான். ஐஸ்லாந்து ஆய்வில் ஒரு பிரதி இருப்பவர்களுக்கு ஒன்பது மடங்கு, இரண்டு பிரதி இருப்பவர்களுக்கு இருபது மடங்குக்கும் மேல் என்று வந்தது. மடங்கு என்று சொன்னால் மிரட்சியாகத்தான் இருக்கும். எதன் மடங்கு என்று கேட்க வேண்டும். இந்த வகை இல்லாதவரின் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, அதன் ஒன்பது மடங்கு.

06:02 ஒன்றே முழுக் கதையும் அல்ல. 2007-இலிருந்து மொத்த மரபணுத் தொகுதியையும் அலசும் ஆய்வுகள் வரத் தொடங்கின. 2017-இல் ஐரோப்பியர்களிடம் சொரியாசிஸோடு தொடர்புள்ள 63 மரபணு இடங்கள் அடையாளமாகியிருந்தன. இப்போது நூற்றைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது. அந்த 63-ஐயும் மொத்தமாகக் கூட்டினாலும் மரபுவழிப் பங்கில் 28 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்பது சுவாரசியமானது. இன்டர்லூகின்-23 என்ற செய்தி மூலக்கூறையும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியையும் உருவாக்கும் மரபணுக்கள் ஒரு கொத்து. வீக்கத்தைத் தணிக்கும் மரபணுக்கள் இன்னொரு கொத்து. தோலின் மேலடுக்கைக் கட்டும் புரதங்களுக்கானவை வேறொரு கொத்து. அதில் எல்சிஇ3பி, எல்சிஇ3சி என்ற இரண்டு மரபணுக்கள் அப்படியே விடுபட்டுப்போயிருப்பது ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. அந்த விடுபடல் ஐரோப்பியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கிறது! அதை ‘கெட்ட ஜீன்’ என்று எப்படிச் சொல்வது? ஈஆர்ஏபி1 என்ற மரபணு புரதத் துண்டுகளை எச்எல்ஏ மேல் வைப்பதற்கு முன் அளவாக நறுக்குவது. அதன் ஒரு வகை ஆபத்தைக் கூட்டுகிறது, ஆனால் எச்எல்ஏ-சியின் ஆபத்து வகையும் கூடவே இருப்பவர்களிடம் மட்டும். 2010-இல் இது வெளியானபோது எங்களைப் போன்றவர்களுக்கே ஆச்சரியம். ஒரு மரபணு இன்னொன்றின் துணையோடுதான் வேலை செய்கிறது என்பது மனிதர்களில் அவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம்.

இந்த ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். இன்டர்லூகின்-23 வழியை மறிக்கும் ஊசிகள்தான் பயன். உஸ்டெகினுமாப் 2009-இல் வந்தது, குசெல்குமாப் 2017-இல். அந்த வழியில் அடுத்து நிற்கும் இன்டர்லூகின்-17-ஐ மறிக்கும் செகுகினுமாப் 2015-இல். மரபணுவில் கண்ட அதே வழிதான் மருந்திலும் வேலை செய்கிறது என்பது இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகிறது. நான் படித்த காலத்தில் தாரும் சாலிசிலிக் அமிலமும் மெத்தோட்ரெக்சேட்டும்தான் கையில் இருந்தன. இன்றைக்குப் பிறக்கும் குழந்தைக்கு இருபது வயதில் இந்த நோய் வந்தால், அப்போது என்னென்ன இருக்கும் என்று என்னால் ஊகிக்கக்கூட முடியாது. விலை ஒரு பெரிய தடைதான், அதை மறைக்கவில்லை.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் தோலில் எது வந்தாலும் ‘சொந்தத்துக்குள்ள கட்டினா இப்படித்தான்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நெருங்கிய உறவில் மணம் செய்வதால் கூடுவது, இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். சொரியாசிஸ் வகைகளுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. உடம்பெங்கும் சீழ்க் கொப்புளங்கள் வந்து கடும் காய்ச்சலோடு படுக்கவைக்கும் வகை அது. 2011-இல் துனிசியக் குடும்பங்களில், ஐஎல்36ஆர்என் என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானதால் அது வருவதாகக் கண்டுபிடித்தார்கள். அதே வழியை மறிக்கும் ஸ்பெசோலிமாப் என்ற மருந்து 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் மாப்பிள்ளைக்கு இருப்பது இது அல்ல என்பது, நீங்கள் எழுதியதிலிருந்து, ஓரளவு நிச்சயம். செதில் உதிரும் சிவந்த திட்டுகள் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாதாரண வகை நூற்றுக்கணக்கான சிறு காரணங்கள் கூடி வருவது. உறவு மணம் அதில் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. அவர் பெற்றோர் உறவாக இல்லாவிட்டாலும், அம்மாவுக்கு நோய் இருப்பதால் அவருக்கு வாய்ப்பு இருந்திருக்கும். உங்களுக்கும் அவருக்கும் ரத்த உறவு இல்லை என்பதால், அவர் பெற்றோரின் சொந்தக் கல்யாணம் உங்கள் குழந்தையைப் பெரிதாக எட்டாது. ஒரே ஒரு நுணுக்கம்: அவருக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் 06:02 வந்து இரண்டு பிரதியாக இருந்தால், குழந்தைக்கு ஒன்று கட்டாயம் போகும், ஒரு பிரதிதான் என்றால் பாதி வாய்ப்பு. அப்போதும் மேலே சொன்ன பத்தில் ஒன்று கணக்குதான்.

பரம்பரை பரம்பரையாக நேர்கோட்டில், பாதிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் என்பது போல வரும் குடும்பங்களும் உலகில் இருக்கின்றன. கார்டு14 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரே மாற்றம் போதும், 2012-இல் இது தெரியவந்தது. அபூர்வம். தாத்தா, அவருடைய பிள்ளைகளில் பாதி, பேரன்களில் பாதி என்று ஒரே வீட்டில் பத்துப் பேருக்கு இருந்தால்தான் நான் இதை யோசிப்பேன். அம்மாவும் மகனும் என்ற இரண்டு பேரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் போக வேண்டாம்.

எனவே டெஸ்டுக்கு என் பதில்: வேண்டாம். இந்தக் கேள்விக்கு உதவும் டெஸ்ட் இன்று இல்லை. எச்சிலை அனுப்பினால் நூற்றுக்கணக்கான மரபணு இடங்களைக் கூட்டி மதிப்பெண் போட்டுத் தரும் தனியார் சேவைகள் இருக்கின்றன. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துச் செய்தவை, நம் மக்களிடம் அவற்றின் குறி தவறும். பலர் என்னிடம் எச்எல்ஏ-பி27 ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அது வேறு எச்எல்ஏ. காலையில் எழுந்ததும் முதுகு இறுகிப்போகிறது என்பவருக்கு அதற்கு அர்த்தம் உண்டு, தோலில் மட்டும் திட்டு இருப்பவருக்குக் கிட்டத்தட்ட இல்லை. பிறக்காத பிள்ளைக்காக மாப்பிள்ளையின் ரத்தத்தைச் சோதிப்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவருக்கு நோய் இருப்பது ஏற்கெனவே தெரியும்; மரபணு ரிப்போர்ட் அதற்கு மேல் எதையும் புதிதாகச் சொல்லாது, இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சை மட்டும் வளர்க்கும்.

இனி, ஆதாரம் மெலிந்த சில விஷயங்கள். அப்பாவுக்கு இருந்தால் அம்மாவுக்கு இருப்பதை விடப் பிள்ளைக்கு அதிகம் வரும் என்று சில ஆய்வுகள் சொல்லின, குறிப்பாக மூட்டு வகைக்கு. மற்ற ஆய்வுகளில் அது தெளிவாக வரவில்லை. நான் அதை வைத்து யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. இன்னொன்று, தொந்தரவு தரும் இந்த எச்எல்ஏ வகை ஏன் அழிந்துபோகாமல் இத்தனை பேரிடம் நிலைத்திருக்கிறது என்ற கேள்வி. எச்ஐவி கிருமியைத் தானாகவே கட்டுக்குள் வைத்திருக்கும் அபூர்வமான சிலரிடம் இருக்கும் எச்எல்ஏ வகைகள் சொரியாசிஸ் நோயாளிகளிடமும் அதிகம் என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. பழைய காலத்தில் ஏதோ ஒரு தொற்றிலிருந்து இது காப்பாற்றியிருக்கலாம் என்று ஊகிக்க அது இடம் தருகிறது. ஊகம்தான், ஆனாலும் ‘எங்க வீட்டு ரத்தமே கெட்டது’ என்று தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்த உடல்வாகைக் கிளப்பிவிடும் காரணிகளைப் பற்றி. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று முக்கியமானது. காய்ச்சல், தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெங்கும் மழைத்துளி தெளித்த மாதிரி சின்னச் சின்னத் திட்டுகள் வரும், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும். 06:02 இருப்பவர்களிடம் இந்தத் தொடர்பு பலம். குழந்தைக்கு அடிக்கடி டான்சில் வீங்கினால் முறையாக மருத்துவம் பார்க்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு சொரியாசிஸ் என்பதற்காக முன்னெச்சரிக்கையாக டான்சிலை அறுத்து எடுக்கத் தேவையில்லை. உடல் பருமன் அடுத்தது. பருமனால் சொரியாசிஸ் வருகிறதா, சொரியாசிஸ் வந்தவர் வெளியே நடமாடாமல் பருமனாகிறாரா என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. 2019-இல் மரபணுவை வைத்தே அதை அவிழ்த்தார்கள். எடையைக் கூட்டும் மரபணுக்களோடு பிறந்தவர்களுக்கு சொரியாசிஸும் கூடுதலாக இருந்தது. பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண், ஒரு புள்ளி ஏறினால் வாய்ப்பு சுமார் 9 சதவீதம் ஏறுகிறது. சொரியாசிஸ் மரபணுக்கள் எடையைக் கூட்டுவதாகத் தெளிவான ஆதாரம் வரவில்லை. எனவே காரணம் அந்தத் திசையில்தான். அப்புறம் புகை, அளவு மீறிய குடி. லித்தியம், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர், குளோரோகுயின் வகை மருந்துகள் சிலருக்குத் தூண்டிவிடும். இருக்கும் நோயாளிக்குக் காயமோ சிராய்ப்போ பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பும். அவர் பெல்ட் உராயும் இடத்தையும், தலை வாரும்போது சீப்பு அழுத்தும் இடத்தையும் பார்த்தால் தெரியும்.

கத்தரிக்காய், கருவாடு, மீனோடு தயிர் எல்லாம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்யாணமாகிப் போன வீட்டில் நிச்சயம் கேட்பீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு காய்கறியை விலக்கச் சொல்ல ஆதாரம் இல்லை. ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் அரிப்பு கூடுகிறது என்று அவரே சொன்னால், அதை விட்டுவிடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வெட்பாலைத் தைலம் பூசிப் பலன் கண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் பசை செதிலைத் தணிக்கும் என்பது மட்டும் நிச்சயம். நான் கோபப்படுவது ஒன்றுக்குத்தான்: ‘ஒரே ஊசியில் அடக்கிவிடுகிறேன்’ என்று ஸ்டீராய்டு போடுபவர்கள் மேல். வாரத்தில் தோல் பளபளக்கும். மருந்தின் வீரியம் இறங்கியதும் முன்பை விட மோசமாகத் திரும்பும், சிலருக்கு உடம்பு முழுவதும் சிவந்து உரியும், சிலருக்குச் சீழ்க் கொப்புளமாகவும் மாறும். உங்கள் மாப்பிள்ளை கல்யாணப் போட்டோவுக்காக இதைச் செய்துகொள்ளக் கூடும். பல மாப்பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். தேதி குறித்ததும் அவர் தன் தோல் மருத்துவரிடம் சொல்லட்டும். இரண்டு மூன்று மாத அவகாசம் கிடைத்தால் பாதுகாப்பான வழியிலேயே நன்றாகக் குறைக்கலாம்.

பிள்ளையைப் பற்றிய கவலையில் மாப்பிள்ளையை மறந்துவிட வேண்டாம். சொரியாசிஸ் இருப்பவர்களில் 30 சதவீதம் வரை மூட்டு பாதிக்கப்படலாம், பெரும்பாலும் தோலில் வந்து சில வருடங்கள் கழித்து. அவர் தலையிலும் நகத்திலும் நோய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்க மறுப்பது, ஒரு விரல் முழுவதும் வீங்கிவிடுவது, குதிகால் வலி, இவற்றில் எதுவும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. மூட்டு ஒருமுறை கோணிவிட்டால் திரும்ப நேராக்க முடியாது. இது தொற்று நோய் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொட்டால், ஒரே படுக்கையில் படுத்தால், ஒரே துண்டைப் பயன்படுத்தினால் ஒட்டாது. உங்கள் பாட்டியிடம் இதை நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும்போது மரபணுவை விட அவசரமான விஷயம், அவர் சாப்பிடும் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார் என்றால் அதன் பெயரையும் அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண் அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது கருத்தரிக்கவே கூடாது. அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆண் எடுப்பதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மருந்தின் குறிப்பேடு, நிறுத்திய பிறகு மூன்று மாதமாவது கருத்தடை வேண்டும் என்கிறது. அண்மைக்கால ஆய்வுகளில் தந்தை எடுத்ததால் குழந்தைக்குக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை, அதனால் சில மருத்துவச் சங்கங்கள் தொடரலாம் என்கின்றன. என்னிடம் வரும் புதுமணத் தம்பதிகளுக்கு, நோய் தாங்கும் அளவில் இருந்தால் மூன்று மாதம் முன்பே நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற்றித் தருகிறேன். நோய் கடுமையாக இருந்தால் அப்படிச் செய்வதில்லை, உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறோம். அவராகவே திடீரென்று நிறுத்த வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் அவருடைய தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடவே போய், இந்த ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்.